திரையும் தளிர் மூளையும்

மனிதக் குழந்தை ஏனைய உயிர்களின் குட்டிகளைப் போன்று பிறந்த அன்றே எழுந்து நடப்பதில்லை. பசுவின் கன்று பிறந்த சிறிது நேரத்தில் தள்ளாடி எழுந்து தாயின் மடியைத் தேடிச் செல்கிறது. நம் குழந்தைக்கோ தலை நிற்பதற்கே மூன்று, நான்கு மாதங்கள் ஆகின்றன. இது குறையன்று. மனித மூளையின் பெரும்பகுதி வளர்ச்சி பிறந்த பின்னர், இல்லத்தில், மனிதர் நடுவில் நடைபெறவேண்டும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. அவ்வளர்ச்சி நடைபெறும் ஆண்டுகளில் குழந்தையின் கண்முன் எது இருக்கிறது, எவர் இருக்கின்றனர் என்பது சிறிய வினா அன்று.

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். அந்நாளில் அப்பெட்டி தெருவில் ஓரிரு வீடுகளில் மட்டுமே இருந்தது. மாலையில் சில மணி நேரமே நிகழ்ச்சிகள் வந்தன. பின்னர் அது எல்லா வீட்டுக் கூடங்களுக்கும் வந்தது. இன்று திரை கூடத்தை விட்டுக் குழந்தையின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. பெட்டிக்கு ஒளிபரப்பு முடியும் நேரம் ஒன்று இருந்தது. கைப்பேசிக்கு அத்தகைய முடிவு இல்லை. ஒரு படம் முடியுமுன் அடுத்த படம் தானாகவே வந்து நிற்கிறது.

திரையால் குழந்தை மூளைக்கு நேர்வது யாது? ஆய்வுகளால் உறுதியாகத் தெரிந்தவை எவை? நாம் இல்லத்தில் செய்யத்தக்கவை எவை? இம்மூன்றையும் முறையே காண்போம். பெற்றோர்க்கு மட்டுமின்றி, பகற்பொழுதில் பேரக்குழந்தைகளை வளர்க்கும் தாத்தா, பாட்டிமார்க்கும் உரியதாகவே இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. மூளை வளரும் முறை

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எடையே உடையது. இரண்டு வயதிற்குள் அது வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையும், ஐந்து, ஆறு வயதிற்குள் 90 விழுக்காட்டையும் எட்டிவிடுகிறது. இவ்வளர்ச்சி பெரும்பாலும் புதிய நரம்பணுக்கள் பிறப்பதால் ஏற்படுவதன்று. நரம்பணுக்கள் பெரும்பாலும் பிறக்கும்போதே உள்ளன. அவற்றிற்கிடையே இணைப்புகள் தோன்றுவதாலும், நரம்பிழைகளின்மீது கொழுப்புறை படர்வதாலும் மூளை வளர்கிறது. முதற்சில ஆண்டுகளில் ஒரு நொடிக்குப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட புதிய இணைப்புகள் உண்டாகின்றன என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் கூறுகிறது.

தோன்றிய இணைப்புகள் அனைத்தும் நிலைத்திருப்பதில்லை. வயலில் ஆள் நடந்த இடம் தடமாகவும், நடவாத இடம் புல் மூடியும் போவது போலப் பயன்படும் இணைப்பு வலுப்பெறுகிறது, பயன்படாதது கழிகிறது. ஆதலின் குழந்தை எதனை நாள்தோறும் செய்கிறதோ அதற்கேற்பவே அதன் மூளை அமைகிறது.

குழந்தை ஒரு பொருளைச் சுட்டி, "ஆ" என்கிறது. தாய் அதனை நோக்கி, "ஆமாம், அணில்! அணில் ஓடுதா?" என்கிறாள். குழந்தை சிரிக்கிறது, மீண்டும் சுட்டுகிறது. பந்தை ஒருவர் எறிய மற்றவர் பிடித்துத் திருப்பி எறிவது போன்ற இந்தக் கொடுக்கல் வாங்கலே மொழிக்கும் அறிவுக்கும் அன்பிற்கும் அடித்தளம். குழந்தை திரையைச் சுட்டி "ஆ" என்றால் திரை மறுமொழி கூறுவதில்லை. வேறுபாடு முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது.

2. திரை மொழி கற்பிக்குமா?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. ஆங்கிலம் பேசும் இல்லங்களைச் சார்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம் சீனமொழி பேசுவோர் 12 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 25 நிமிடம், எதிரில் அமர்ந்து கதைப் புத்தகம் படித்தும் பொம்மை காட்டியும் பேசினர். பின்னர்ச் சோதித்தபோது அக்குழந்தைகள் சீனமொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டை நன்கு பிரித்தறிந்தன. வேறு சில குழந்தைகட்கு அதே பேச்சு காணொளியாகக் காட்டப்பட்டது. இன்னும் சிலவற்றிற்கு ஒலிப்பதிவு மட்டும் கேட்பிக்கப்பட்டது. அவ்விரு பிரிவினரும் எதுவும் கற்கவில்லை. ஒலியும் கால அளவும் ஒன்றே. எதிரில் மனிதர் இல்லை என்பதே வேறுபாடு.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜூடி டிலோச் குழுவினர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 12 முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகட்குச் சொற்களைக் கற்பிப்பதற்கென்றே விற்கப்பட்ட படம் நான்கு வாரம் காட்டப்பட்டது. படம் பார்த்த குழந்தைகள், பாராத குழந்தைகளைவிட மிகுதியான சொற்களைக் கற்கவில்லை. படமே இன்றி, அச்சொற்களைப் பெற்றோர் அன்றாட வாழ்வில் பேசிப் பழக்கிய குழந்தைகளே மிகுதியாகக் கற்றன. படத்தை விரும்பிய பெற்றோர், தம் குழந்தை உண்மையில் கற்றதைவிட மிகுதியாகக் கற்றதென நம்பினர் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. நம் இல்லங்களில், "கைப்பேசியைப் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டான்" என்று பெருமை பேசுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் வரிசையாக ஒப்புவித்தது. நிறங்களின் பெயர்களைக் கூறிற்று. ஆனால் தாகம் எடுத்தால் "தண்ணீர்" என்று கேட்கத் தெரியவில்லை. பாட்டியின் கையைப் பிடித்து இழுக்கும். பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. முட்டுவலியால் குழந்தையின் பின்னே ஓட இயலாத பாட்டி, மூன்று வேளையும் கைப்பேசியைக் காட்டியே சோறு ஊட்டி வந்தார். மருத்துவர் முதலில் செவிப்புலனைச் சோதித்தார், குறை இல்லை. உண்ணும் வேளையில் கைப்பேசி கூடாது, குழந்தையுடன் பேசிக்கொண்டே ஊட்டுங்கள் என்று பணித்தார். முதல் நான்கு நாட்கள் குழந்தை அழுது புரண்டது. சரியாக உண்ணவும் இல்லை. "கொடுத்துத் தொலை, பிள்ளை பட்டினி கிடக்கிறது" என்று தாத்தா கடிந்தார். பாட்டியோ விட்டுக்கொடுக்காமல், பின்கட்டுத் திண்ணையில் குழந்தையை அமர்த்திக் காக்கையையும் அணிலையும் காட்டிப் பேசிக்கொண்டே ஊட்டினார். சில வாரங்களில் "காக்கா வா" என்னும் சொற்கள் வந்தன. மாதங்கள் செல்லச் செல்லப் பேச்சு பெருகியது. ஓர் இல்லத்தின் நிகழ்ச்சியை ஆய்வு என்று கொள்ளலாகாது. ஆயினும் மேற்கூறிய ஆய்வுகள் காட்டும் வழியிலேயே அவ்வில்லம் நடந்தது என்பது கருதத்தக்கது.

3. கவனமும் தன்னடக்கமும்

நெற்றிக்குப் பின்னே அமைந்த மூளைப் பகுதியே கவனத்தை நிறுத்துதல், அவசரத்தை அடக்குதல், திட்டமிடுதல் ஆகியவற்றிற்கு உரியது. மூளையின் பகுதிகளுள் இறுதியாக முதிர்வதும் அதுவே. அம்முதிர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது. ஆதலின் "போதும்" என்று தானே நிறுத்திக்கொள்ளும் ஆற்றலைச் சிறு குழந்தையிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. நிறுத்தும் பொறுப்பு பெரியவருடையதே.

2011ஆம் ஆண்டு வெளிவந்த லில்லார்டு, பீட்டர்சன் ஆகியோரின் ஆய்வில் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேர் மூன்று பிரிவாயினர். ஒரு பிரிவு மிக விரைவாகக் காட்சி மாறும் கேலிச்சித்திரப் படத்தையும், ஒரு பிரிவு நிதானமான கல்விப் படத்தையும் ஒன்பது நிமிடம் பார்த்தன. மூன்றாம் பிரிவு அந்நேரம் முழுவதும் படம் வரைந்தது. உடனே நடத்திய சோதனையில், விரைவுப் படம் பார்த்தோர் கவனத்திலும் தன்னடக்கத்திலும் மற்றவரைவிடப் பின்தங்கினர். இஃது உடனடி விளைவைக் கூறும் ஆய்வு. வாழ்நாள் விளைவைப் பற்றியது அன்று. எனினும், பள்ளிக்குப் புறப்படுமுன் குழந்தையை அத்தகைய படத்தின்முன் அமர்த்துதல் தகுமா என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

எவரும் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் தீங்கற்றதன்று. அதன் ஒலி கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் குழந்தை பெரியவரிடமிருந்து கேட்கும் சொற்கள் ஏறத்தாழ 770 குறைவதாக 2009ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. தொடர்நாடகம் ஓடும் கூடத்தில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது குறைகிறது என்பதே இதன் பொருள்.

4. உறக்கம்

பகலில் கற்றதை மூளை உறக்கத்தில் நிலைப்படுத்துகிறது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகட்கு நாள் ஒன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதினர்க்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. இருள் கவியும்போது மூளையில் மெலடோனின் என்னும் பொருள் சுரந்து உறக்கத்தை அழைக்கிறது. இரவில் கண்ணில் படும் ஒளி, குறிப்பாக நீல ஒளி, அச்சுரப்பைத் தாழ்த்துகிறது. இளங்குழந்தைகளின் கண் ஒளியைப் பெரியவர் கண்ணைவிட மிகுதியாக உள்ளே விடுவதால் பாதிப்பும் மிகுதி. ஒளியேயன்றிப் படத்தின் பரபரப்பும் உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. படுக்கையில் கைப்பேசி கொடுத்து உறங்கவைத்தல், ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே நிற்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

5. மூளையைப் படம் பிடித்த ஆய்வுகள்

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ஜான் ஹட்டன் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 47 குழந்தைகளின் மூளையைக் காந்த ஒத்ததிர்வு முறையில் படம் பிடித்தனர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த அவ்வாய்வில், அறிவுறுத்தப்பட்ட அளவைவிடத் திரைப் பயன்பாடு மிகுந்த குழந்தைகளுக்கு, மொழிக்கும் எழுத்தறிவுக்கும் உரிய வெண்பொருள் நரம்புப் பாதைகளின் அமைப்பு ஒழுங்கு குறைந்து காணப்பட்டது. அதே ஆண்டு கனடாவில் ஷெரி மாடிகன் குழுவினர் 2,441 தாய்மாரையும் அவர்தம் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், இரண்டு, மூன்று வயதில் மிகுதியாகத் திரை பார்த்த குழந்தைகள் பின்னர் நடத்திய வளர்ச்சிச் சோதனைகளில் குறைந்த மதிப்பெண் பெற்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் ஆகிவிடாது. வறுமை, தாயின் களைப்பு, துணைக்கு ஆள் இன்மை ஆகியவை திரையையும் மிகுவிக்கும், வளர்ச்சியையும் தாமதப்படுத்தும். ஆகவே "திரை மூளையை அழிக்கிறது" என்று அஞ்சி அலறுவது அறிவுடைமை அன்று. உறுதியாகக் கூறத்தக்கது இதுவே: திரை தான் செய்வதால் மட்டுமன்று, தான் இடம்பிடித்துக்கொள்வதாலும் கேடு செய்கிறது. இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கிறது. உணவு, நீராட்டு முதலியவற்றிற்கு மூன்று மணி கழிந்தால் எஞ்சுவது ஒன்பது. அதில் மூன்று மணி நேரம் திரைக்குப் போனால், ஓடவும் பேசவும் மண்ணை அளையவும் உள்ள பொழுதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

6. அளவு எவ்வளவு?

உலக நலவாழ்வு அமைப்பு 2019இலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021இல் வகுத்த நெறிமுறையிலும் கூறியவற்றின் சாரம் வருமாறு:

இரண்டு வயது நிறையும் வரை: திரை வேண்டா. தொலைவில் உள்ள உறவினருடன் எப்போதேனும் முகம் பார்த்துப் பேசுவது மட்டும் விதிவிலக்கு.

இரண்டு முதல் ஐந்து வயது வரை: நாளொன்றுக்கு மிகுந்தால் ஒரு மணி நேரம், அதுவும் ஒரே மூச்சில் அன்று, 20 அல்லது 30 நிமிடம் எனப் பிரித்து.

ஐந்து முதல் பத்து வயது வரை: இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக.

எவ்வயதினர்க்கும் குறையக் குறைய நன்று. சுவீடன் நாட்டின் பொதுநலத்துறையும் 2024ஆம் ஆண்டு ஏறத்தாழ இதே அளவுகளை அந்நாட்டுப் பெற்றோர்க்கு அறிவுறுத்தியது.

7. ஐயமும் தெளிவும்

ஐயம்: நல்ல கல்வி நிகழ்ச்சிகளுமா கூடா?

தெளிவு: மூன்று வயதிற்கு மேற்பட்டோர்க்கு, நிதானமாக அமைந்த நல்ல நிகழ்ச்சி அளவோடு பயன் தரும். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியால் குழந்தைகள் எழுத்தும் எண்ணும் கற்றனர் என ஆய்வுகள் காட்டின. பெரியவர் உடனிருந்து, "இது என்ன? ஏன் அழுகிறான்?" என்று கேட்டுப் பேசினால் பயன் பெருகும்.

ஐயம்: வெளிநாட்டில் உள்ள மகளுடன் பேரன் காணொளியில் பேசுகிறானே?

தெளிவு: பேசட்டும். அங்கு எதிரில் இருப்பவர் குழந்தைக்கு மறுமொழி தருகிறார். அவ்வாறு நேரடியாக மறுமொழி கிடைக்கும் காணொளிப் பேச்சில் இரண்டு வயதுக் குழந்தைகள் புதிய சொற்களைக் கற்றன என்று 2014இல் ஓர் ஆய்வு கண்டது. கொடுக்கல் வாங்கல் இருக்குமிடத்தில் கல்வி உண்டு.

ஐயம்: 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளியே கைப்பேசியில்தானே நடந்தது?

தெளிவு: கொரோனா நோய்க் காலத்தில் வேறு வழி இல்லை. வெள்ளக் காலத்தில் ஓடம் ஏறினோம்; நீர் வடிந்த பின்னும் ஓடத்திலேயே குடியிருத்தல் வேண்டா.

ஐயம்: கைப்பேசி பார்த்ததால் ஆட்டிசம் வந்தது என்கிறார்களே?

தெளிவு: அவ்வாறு நிறுவப்படவில்லை. அதன் வேர்கள் பெரும்பாலும் பிறப்பிற்கு முன்னரே தொடங்கிய மூளை வளர்ச்சியில் உள்ளன. தாயைப் பழித்தல் பாவம். அதேபோல், "கைப்பேசியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று காத்திருத்தலும் தவறு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, ஒன்றரை வயதாகியும் பொருள் உள்ள சொல் ஏதும் பேசாத குழந்தை, பேசிய சொற்களை இழக்கும் குழந்தை ஆகியோரைக் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனையும் வளர்ச்சியையும் சோதித்தல் கடமை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் இதற்கென மையங்கள் உள்ளன. அங்குக் கட்டணம் இல்லை.

ஐயம்: இதுவரை மிகுதியாகக் காட்டிவிட்டோம். இனி என் செய்வது?

தெளிவு: "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழி பாதி உண்மையே. இளமையில் வளைவது எளிது. ஆயினும் மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் ஆற்றலை வாழ்நாள் முழுதும் இழப்பதில்லை. இன்று தொடங்கினும் காலம் கடந்துவிடவில்லை.

8. இல்லத்தில் செய்யத்தக்கவை

முதலாவது, உண்ணும் இடத்தில் திரை வேண்டா. பெரியவர்க்கும் இதுவே விதி. திரையைப் பார்த்து உண்ணும் குழந்தை பசியையும் நிறைவையும் அறியாமல் விழுங்குகிறது.

இரண்டாவது, உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே திரைகள் அணையட்டும். அந்த ஒரு மணி நேரம் கதைக்கு உரியது.

மூன்றாவது, அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடாதிருத்தல். அடிக்கடி அவ்வாறு அமைதிப்படுத்தப்பட்ட மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம், நாளடைவில் உணர்ச்சிக் கொந்தளிப்பு மிகுந்து காணப்பட்டதாக மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2022இல் தெரிவித்தது. அழுது, அணைக்கப்பட்டு, தானே தேறுதலும் ஒரு பாடமே.

நான்காவது, நிறுத்துமுன் அறிவித்தல். "இந்தக் கதை முடிந்ததும் நீயே அணைத்துவிடு" என்று கூறி, குழந்தையின் கையாலேயே அணைக்கச் செய்தால் போராட்டம் குறையும்.

ஐந்தாவது, பறித்தல் மட்டும் போதாது, மாற்றும் வேண்டும். மூடியும் பாத்திரமும், பழைய துணியும், அட்டைப் பெட்டியும் சிறு குழந்தைக்கு அரிய விளையாட்டுப் பொருள்கள். பயறு, புளியங்கொட்டை போன்றவை தொண்டையில் அடைக்கும். மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அவை ஆகா. வளர்ந்த குழந்தைக்குப் பல்லாங்குழி, ஐந்தாங்கல், விடுகதை. ஓடியாட இயலாத பாட்டிக்கு வாய் இருக்கிறது, கதை இருக்கிறது, அதுவே போதும்.

ஆறாவது, குழந்தை பேச வரும்போது நம் கையில் உள்ள கைப்பேசியைக் கீழே வைத்தல். இஃதே எல்லாவற்றினும் கடினமானது. எல்லாவற்றினும் பயன் மிக்கதும் இதுவே.

பயிற்சி

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் எப்போதும் ஒரு பணி கொடுப்பதுண்டு: அறிவுரை கூறுமுன் ஒரு வாரம் உற்று நோக்கிக் குறிப்பு எழுதுக. வாசகர்களையும் அவ்வாறே வேண்டுகிறோம். ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று கட்டம் இடுங்கள். முதற் கட்டத்தில், இன்று குழந்தை திரை பார்த்த நிமிடங்கள். இரண்டாவதில், எந்த வேளையில், எதற்காக அதனைக் கொடுத்தோம் என்பது: ஊட்டவா, அழுகையை அடக்கவா, நமக்கு ஓய்வு வேண்டியா? மூன்றாவதில், இன்று குழந்தை கேட்ட வினா ஒன்று. ஏழு நாட்கள் எழுதிய பின்னர் இரண்டாம் கட்டத்தைப் படியுங்கள். எந்த வேளையில் நமக்குத் துணை தேவை என்பது விளங்கும். அந்த வேளையில் இல்லத்தில் உள்ள மற்றொருவர் குழந்தையை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பெரும்பாலும் அத்துணை கிடைக்காமையால்தான் தாயின் கை கைப்பேசியை நாடுகிறது.

மூன்றாம் கட்டம் ஏதேனும் ஒரு நாள் வெறுமையாக இருந்தால், அன்று மாலையே குழந்தையை வாயிலில் அமர்த்தி, தெருவில் போகும் எதையேனும் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள். வினா தானே வரும்.